பத்து வருடமாக ஜப்பான் பெட்டிச் செய்திகள்: என் அனுபவம்

காலைக் காபியோடு ஜப்பானிய நாளிதழ்களின் ஆங்கிலப் பதிப்புகளை மேய்வது எனக்குப் பத்து வருடப் பழக்கம். அரசியல், பங்குச்சந்தை எல்லாம் தாண்டி நேராக விநோதச் செய்திகளுக்குத்தான் போவேன். ஜப்பானிய மொழியில் இந்த ரகத்துக்கு 'சன்மென் கிஜி' என்று பெயர், அதாவது மூன்றாம் பக்கச் செய்தி. மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) நாளிதழ் நான்கு பக்கம்தான். ஊர் வம்பும் திருட்டும் மூன்றாவதில் வரும். நம் பெட்டிச் செய்திக்கு ஒன்றுவிட்ட தங்கை.

என்னை இதில் இழுத்துவிட்டது ஒரு குச்சி ஐஸ். 2016 ஏப்ரலில் 'கரிகரி-குன்' விலை 60 யென்னிலிருந்து 70 ஆனது. 25 வருடத்தில் அதுதான் முதல் உயர்வு. தயாரிக்கும் அகாகி நிறுவனத்தின் பெரிய தலைகளும் ஊழியர்களும் வரிசையாக நின்று குனிந்து வணங்கி மன்னிப்புக் கேட்கும் விளம்பரம் டிவியில் ஓடியது. பத்து யென்னுக்கா இவ்வளவு என்று வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன்.

அடுத்த வருடம் நவம்பர் 14 அன்று, மினாமி நகரேயாமா நிலையத்தில் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் 9:44:40-க்குப் பதிலாக 9:44:20-க்கே கிளம்பிவிட்டது. 20 விநாடிக்கு மன்னிப்பு அறிக்கை! ரயில் கார்டு நேர அட்டவணையைச் சரியாகப் பார்க்காததுதான் காரணம். பயணிகள் யாரும் புகார் சொல்லவில்லை, நான்கு நிமிடத்தில் அடுத்த ரயில் இருந்தது. 'ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான்' என்று எல்லோருக்கும் அனுப்பினேன். அப்போதெல்லாம் என்னிடம் இருந்தது அந்த ஒரே வசனம்.

அது செல்லாமல் போனது 2018-இல். கோபே நகரக் குடிநீர்த் துறையில் 64 வயது ஊழியர் ஒருவர், மதிய இடைவேளைக்கு முன்பே எழுந்துபோய் பக்கத்துக் கடையில் சாப்பாடு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம், ஏழு மாதத்தில் 26 தடவை. அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள், மேலதிகாரிகள் கேமரா முன் குனிந்தார்கள். வழக்கம்போல ஃபார்வர்டு செய்யப் போனவன் நிறுத்திக்கொண்டேன். அதே குனிதல்தான், ஆனால் இந்த முறை அதன் அடியில் ஒரு மனிதர் இருந்தார். ஐஸ் விஷயத்தில் அது நல்ல விளம்பரம். இங்கே வேறு எதுவோ.

குறை என்று சொன்னால், கைமாறி வரும் செய்தியை நம்பவே முடியாது. 2016 தொடக்கத்தில் 'ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ரயில் நிலையத்தை மூடாமல் வைத்திருக்கிறார்கள்' என்ற ஹொக்கைடோ கதை உலகம் சுற்றியது. எனக்கும் கண் கலங்கியது, மறுக்கவில்லை. அப்புறம் பார்த்தால், பலர் பகிர்ந்தது வேறு நிலையத்தின் பெயரை. மாணவி ஏறியது க்யூ-ஷிரதாகி நிலையத்தில். அதை மூடியதுகூட ஆள் வரத்துக் குறைந்ததால்தான், வருடா வருடம் மார்ச்சில் வரும் அட்டவணை மாற்றத்தோடு. மாணவி உண்மை, அவளுக்காக மூடாமல் காத்திருந்தார்கள் என்பதுதான் ஒட்டுப்போட்டது.

பத்திரிகைகளே செய்த கூத்தும் உண்டு. மைனிச்சி நாளிதழின் ஆங்கிலத் தளத்தில் 'வாய்வாய்' என்றொரு பகுதி, மலிவான வார இதழ்களின் ஆபாசக் கதைகளை மொழிபெயர்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. உள்நாட்டில் எதிர்ப்பு வெடித்து 2008-இல் மூடினார்கள். வெளிநாட்டுக்காரன் 'விநோத ஜப்பான்' என்று நினைத்ததில் அந்தப் பகுதிக்கும் ஒரு பங்கு உண்டு. விஷயம் தெரிந்த பிறகு, படுக்கையறை வாடை அடிக்கும் தலைப்புகளை நான் திறப்பதே இல்லை.

இன்னும் அலுக்காதது பூனை நிலைய அதிகாரி 'தாமா'தான். வகயாமாவில் நஷ்டத்தில் ஓடிய கிஷிகவா ரயில் தடத்தின் கடைசி நிலையம் கிஷி. செலவைக் குறைக்க அங்கே ஆள் போடுவதை நிறுத்தினார்கள். 2007 ஜனவரியில் பக்கத்துக் கடைக்காரரின் பூனைக்குத் தொப்பி மாட்டிப் பதவி கொடுத்தார்கள். சம்பளம் பூனைத் தீனி. அதைப் பார்க்கவே கூட்டம் ரயிலேறி வந்தது. 2015-இல் தாமா இறந்தபோது ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோ முறைப்படி இறுதிச்சடங்கு நடந்தது, பதவிக்கு 'நிதாமா' வந்தது. பூனைப் படம் வந்தால் நான் இப்போதும் முதலில் பார்ப்பது தொப்பியைத்தான். அப்புறம்தான் அந்தத் தடத்தில் ரயில் ஓடுகிறதா என்று தேடுகிறேன்.