மைக்கா, மனுவா?

அரசிடம் பதில் வாங்கச் செய்தியாளருக்கு எது உதவும்? தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டை வளாகத்தில் அமைச்சர்களிடம் மைக்கை நீட்டி, "மழைநீர் வடிகால் வேலை எப்போது முடியும்?" என்று கேட்டால், "பணிகள் போர்க்கால அடிப்படையில் நடக்கின்றன" என்பார்கள். கேட்டது தேதி, வந்தது வேகம். விடாமல் கேட்டால் "விரைவில்". அப்புறம் "அடுத்த கேள்வி". இவர்களுக்குச் செயப்பாட்டு வினைதான் குடை: "நடவடிக்கை எடுக்கப்படும்". யார் எடுப்பார் என்று அந்த வாக்கியம் சொல்லவே சொல்லாது.

2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதிலும் நழுவல் உண்டு. "ஏன் தாமதம்?" என்றால், "இது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று திருப்பிவிடலாம். அதனால் ஒப்பந்த நகல், கெடு தேதி என்று ஆவணமாகவே கேட்பது நல்லது. மழுப்பினாலும் கையெழுத்துப் போட்டு மழுப்ப வேண்டும். மேல்முறையீட்டுக்கு அது போதும். என் ஓட்டு மனுவுக்கு. சரி, இன்று மாலைச் செய்திக்கு? மைக்தான் கதி.