காந்தம் ஒட்டாத சைலன்சர்

என்னுடையது 2008 மாடல் டாடா 207. கடலூர் துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்கு மீன் அடிக்கிற வண்டி. மேலே உப்புக்காற்று, பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீர் வேறு. சைலன்சர் எங்கே நிலைக்கும்? போன தடவை வேறொரு இடத்தில் ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி மாட்டியது ஆறே மாதத்தில் வளைவில் பொத்துக்கொண்டது.

இந்த முறை முதுநகரில் ஒரு சின்ன வெல்டிங் பட்டறை. மிஸ்திரி முதலில் பைப்பில் காந்தத்தை வைத்துக் காட்டினார். வழுக்கி விழுந்தது. "304 கிரேடுண்ணா, ஒட்டாது. 409 ஒட்டும். அதுவும் ஸ்டெயின்லெஸ்தான், ஆனா உப்புக்கு இந்த அளவு தாங்காது." பற்றவைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டார். பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் அடிவாங்கக் கூடாதே. பலர் இதைச் செய்வதே இல்லை.

கூட வந்த மகனுக்குச் சத்தம் 'கும்'மென்று வர வேண்டுமாம். மிஸ்திரி தலையாட்டவில்லை. "சத்தத்தை அடக்குற மஃப்ளரை எடுத்தா 10,000 ரூபா வரைக்கும் அபராதம் தம்பி, யார் கட்றது?" அந்த ஒரு வார்த்தைக்கே நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

குறை, நேரம்தான். மதியம் என்றவர் ராத்திரி எட்டுக்குத்தான் சாவியைக் கொடுத்தார். நடுவில், இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டின் போல்ட் ஒன்று துருவேறி ஒடிந்துபோனது, அது அவர் தப்பில்லை. ஆனால் பைப்பைத் தாங்கும் தொங்கு ரப்பரைப் பழையதே மாட்டிவிட்டார். மறுநாள் வேகத்தடையில் பைப் சேஸிஸில் 'டங்' என்று இடித்தது. திரும்பப் போனேன். காசு வாங்காமல் புது ரப்பர் போட்டார்.

மொத்தம் 7,800. பில் கேட்டால்தான் தருவார், கேளுங்கள்.