பாலாற்று மணலுக்கு எந்த சர்வோ?

வேலூரில் ஆர்சி டிரக் (ரிமோட்டில் ஓடும் சிறு வண்டி) ஓட்ட, வறண்ட பாலாற்று மணல் அருமையான இடம். ஆனால் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான ஸ்டீயரிங் சர்வோ படாதபாடு படும். நைலான் கியர் உள்ள ஃபுடாபா எஸ்3003 எடை 37 கிராம். 6 வோல்ட்டில் திருப்பு விசை சுமார் 4 கிலோ-செ.மீ. சமதரைக்குப் போதும், கல்லில் மோதினால் கியர் பல் உடையும். மெட்டல் கியர் எம்ஜி996ஆர் 55 கிராம், விசை 11. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் சக்கரம் சிக்கினால் 2.5 ஆம்பியர் இழுக்கும். ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) தரும் மின்சாரம் போதாவிட்டால், ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் அணைந்து எழும். பழியோ சர்வோ மேல் விழும்!

புது சர்வோ வாங்கும் முன் டிரக்கைத் தூக்கிப் பிடித்து ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். கரகரவென்றால் பல் போயிருக்கும். அந்தரத்தில் சரியாகத் திரும்பி, தரையில் மட்டும் தயங்கினால், மோதலின் அதிர்ச்சியிலிருந்து சர்வோவைக் காக்கும் சர்வோ சேவரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சரி, முதலில் அதை இறுக்குங்கள். புது சர்வோ அப்புறம்.