டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வீட்டு உடற்பயிற்சி: எது உதவியது, எது மூலையில் கிடக்கிறது

வாரம் மூன்று டயாலிசிஸ், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். இப்படி ஓடுகிற உடம்புக்கு வீட்டில் என்ன பயிற்சி ஒத்துவருகிறது என்று சில வருடங்களாகச் செய்து பார்த்து வருகிறேன். மினி பெடல் சைக்கிள், இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பேண்ட், கையில் பிடித்து அழுத்தும் பந்து எல்லாம் வீட்டில் இருக்கின்றன. ஆனால் எனக்கு அதிகம் கைகொடுத்தவை சாதாரண நாற்காலியும் நடையும்தான்.

"மெஷின்ல இருந்து எந்திரிச்சு வந்தா கையையே தூக்க முடியல, இதுல எக்சர்சைஸ் வேறயா தம்பி?" என்று பக்கத்துப் படுக்கை அக்கா கேட்பார். நியாயமான கேள்வி. டயாலிசிஸ் முடிந்த அன்று நானும் எதுவும் செய்வதில்லை. பிரஷர் இறங்கியிருக்கும், கெண்டைக்கால் இழுக்கும், ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு. அன்று சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதோடு சரி. எனக்கு திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் என்பதால் செவ்வாய், வியாழன், சனி காலைகளில்தான் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை செய்வதென்றால் மட்டும் கவனம் தேவை. இடைவெளி கூடுவதால் உடம்பில் நீர் ஏறியிருக்கும். கால் வீக்கமோ மூச்சு வாங்கலோ தெரிந்தால் அன்று விட்டுவிடுவேன்.

நாற்காலிப் பயிற்சி என்பது உட்கார்ந்து எழுவது, அவ்வளவுதான். வழுக்காத மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் பக்கத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இப்போது கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழ முடிகிறது. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்கினால் தொடை நன்றாக வேலை செய்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தசை கரைவது பெரிய பிரச்சினை. டயாலிசிஸிலேயே கொஞ்சம் அமினோ அமிலம் (புரதத்தின் கூறு) வெளியேறுகிறது, நடமாட்டமும் குறைந்துபோகிறது. பஸ் படியில் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொள்ளாமல் ஏறியபோதுதான் தொடையில் பலம் வந்திருப்பது எனக்கே தெரிந்தது.

நடைக்கு எனக்கு நம்பிக்கை தந்தது இத்தாலியில் டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட எக்சைட் ஆய்வு. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வீட்டிலேயே 10 நிமிட நடை, ஒரு நாளில் இரண்டு முறை. வேகத்துக்கு மெட்ரோனோம் கருவியின் டிக் டிக் சத்தம். ஆறு மாதம் கழித்து, 6 நிமிடத்தில் நடக்க முடிந்த தூரம் சராசரியாக 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராகக் கூடியது. பயிற்சி செய்யாதவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. மூச்சிரைக்க ஓடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. நானும் போனில் மெட்ரோனோம் ஆப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடக்கிறேன். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். நம் ஊர் வெயிலில் வெளியே போனால் வியர்த்துத் தாகம் எடுக்கும், டாக்டர் சொன்ன தண்ணீர் அளவு தாண்டிவிடும். அதனால் விடிந்ததும் நடந்து முடித்து, வாயை மட்டும் கொப்பளித்துக்கொள்கிறேன்.

பெடல் சைக்கிள் மழைக்காலத்துக்கு உதவும். டைல்ஸ் தரையில் நகர்ந்துகொண்டே போகும், அடியில் ரப்பர் மேட் வேண்டும். பெடலைக் கடினமாக்கும் திருகை இறுக்கி ஓட்டினால் அச்சுப் பகுதி தொட முடியாத அளவு சூடாகிறது. கால் பட்டை இன்னொரு குறை. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அது உரசிப் புண்ணாக்கினாலும் தெரியாது. மூடிய செருப்போடு ஓட்டுங்கள், முடிந்ததும் விரலிடுக்கு வரை பாருங்கள்.

பந்து அழுத்துவது ஃபிஸ்டுலா போட்ட கைக்கு, அதாவது டயாலிசிஸ் ஊசி போட ஆபரேஷன் செய்து தமனியையும் சிரையையும் இணைத்த கைக்கு. தையல் ஆறிய பிறகு, டாக்டர் சொன்ன பின் தொடங்க வேண்டும். நான் அழுத்துவதற்கு முன் ஃபிஸ்டுலாமேல் விரல் வைத்து அந்த அதிர்வைத் தொட்டுப் பார்ப்பேன். அதிர்வு இல்லையென்றால் உடனே டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் செய்ய வேண்டும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ரப்பர் பேண்டை அந்தக் கையில் சுற்றவே கூடாது. எனக்குக் காலுக்கு மட்டும் பயன்படுகிறது, அதுவும் எப்போதாவது.

தொடை இடுக்கில் கதீட்டர் (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாயில் போடும் டியூப்) இருப்பவர்களுக்கு சைக்கிளும் நாற்காலிப் பயிற்சியும் வேண்டாம். கழுத்தில் இருந்தால் வியர்வையில் கட்டு நனையக் கூடாது. நெஞ்சு வலி, தலைசுற்றல், படபடப்பு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பொட்டாசியம் ஏறியிருப்பதாகவோ ஹீமோகுளோபின் இறங்கியிருப்பதாகவோ ரிப்போர்ட் வந்தால் டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் யூனிட்டில் எழுதும் பிரஷர், எடை சார்ட்டைக் கையோடு கொண்டுபோய் அவரிடம் காட்டுங்கள். எவ்வளவு செய்யலாம் என்பதை அதைப் பார்த்துத்தான் அவர் சொல்ல முடியும்.