பழைய ஸ்போர்ட்ஸ் காரின் வேக்யூம் குழாயும் பெட்ரோல் குழாயும்: எந்த இடத்துக்கு எது?

பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் கறுப்புக் குழாய்கள் எல்லாம் ஒரே இனம் போலத் தோன்றினாலும், சில வெறும் காற்றைச் சுமக்கின்றன, சில எண்ணெய் ஆவியையும் பெட்ரோல் ஆவியையும் சுமக்கின்றன, இன்னும் சிலவற்றில் பெட்ரோலே அழுத்தத்துடன் ஓடுகிறது. மாற்றுக் குழாய் வாங்குவோர் பலர் உள்விட்டத்தை மட்டும் அளந்து வாங்கிவிடுகிறார்கள். உள்ளே ஓடுவது எது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே ரப்பரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்ஜினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் வேக்யூம் குழாயில் போட்டி, ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பருக்கும் சிலிக்கோனுக்கும் இடையேதான். 1990களின் இரட்டை டர்போ மாஸ்டா ஆர்எக்ஸ்-7 போன்ற கார்களில் இன்ஜினுக்குள் காற்றைப் பகிரும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் சோலினாய்டுகளும் (மின்சாரத்தால் இயங்கும் வால்வுகள்) மெல்லிய குழாய்களும் நெருக்கமாக அடைந்து கிடப்பதால், டர்போவின் வெக்கையில் அசல் ரப்பர் ஆண்டுக்கணக்கில் வெந்து, தொட்டாலே ஒடியும் அளவுக்கு இறுகிவிடுகிறது. அத்தகைய இடத்தில் சிலிக்கோன் தெளிவாக முந்துகிறது. 150 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் அது மென்மை இழப்பதில்லை. ஆனால் அதன் சுவர் எளிதில் கிழியக்கூடியது. கூரான தகட்டு விளிம்பில் உரசினாலோ, குழாய் மாட்டும் முனையான நிப்பிளில் முரட்டுத்தனமாகச் செருகினாலோ வாய் கிழிந்துவிடும். பெட்ரோலும் எண்ணெயும் பட்டால் ஊதிப்போய்த் தளர்ந்தும் விடும். ஆகவே சோலினாய்டுகளுக்கும் அழுத்த உணரிகளுக்கும் சிலிக்கோனைத் தயங்காமல் போடலாம்; இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் எண்ணெய் ஆவியைக் கொண்டுசெல்லும் குழாய்க்கும், டேங்கின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக் கேனிஸ்டரிலிருந்து வரும் பெட்ரோல் ஆவிக் குழாய்க்கும் அது கூடாது. ஈபிடிஎம் ரப்பரும் பெட்ரோலைத் தாங்காது என்பதால், அந்த இரண்டு இடங்களிலும் எண்ணெய் தாங்கும் ரப்பரே வேண்டும். பிரேக் மிதிக்கு வலுச்சேர்க்கும் பிரேக் பூஸ்டரின் குழாய் தனி ரகம்: உறிஞ்சும்போது உட்குழிந்து ஒட்டிக்கொள்ளாத கனத்த, வலுவூட்டிய குழாய் அதற்குத் தேவை; அதில் உள்ள ஒருவழி வால்வைத் திருப்பிப் போட்டுவிட்டால் பிரேக் மிதி கல்லாக இறுகும்.

அடையாளம் காண்பதிலும் இரண்டு வழிகள் உண்டு. நிறத்துக்கு ஒரு பணி என்று வண்ணச் சிலிக்கோன் போடுவோர் பிற்பாடு தேடும் வேலையைக் குறைத்துக்கொள்கிறார்கள். எனக்கோ பானெட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதி நாடா ஒட்டுவதே நம்பகமாகப் படுகிறது. முந்தைய உரிமையாளர் மாற்றிச் செருகியது அப்போதுதான் வெளிப்படும். பழைய குழாயை இழுக்கக் கூடாது. நிப்பிளின் மேல் நீளவாக்கில் மெதுவாகக் கீறி உரித்தெடுத்தால், வெந்து நொறுங்கும் பிளாஸ்டிக் நிப்பிள் தப்பும். டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான வேஸ்ட்கேட்டை இயக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் குழாய் மட்டும் எங்கும் தவறக் கூடாது. அது கழன்றால் வேஸ்ட்கேட் திறக்காது, டர்போ அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும்.

பெட்ரோல் பக்கத்தில், எஸ்.ஏ.இ. ஜே30ஆர்7 என்ற தரக்குறி அச்சிட்ட நைட்ரைல் ரப்பர் குழாய் மலிவு. பொதுவாக 50 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரைக்கானது. கார்புரேட்டர் வண்டிக்கு அது தாராளம். இன்ஜெக்ஷன் வண்டியில் 3 பார், அதாவது ஏறக்குறைய 44 பிஎஸ்ஐ என்று பார்த்தால் போதும் போலத் தோன்றும். ஆனால் பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் பிரஷர் ரெகுலேட்டர் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பின்தொடர்வதால், டர்போ 1 பார் தள்ளும்போது குழாய்க்குள் 58 பிஎஸ்ஐ வந்துவிடுகிறது. அடுத்த தரமான ஜே30ஆர்9, சுருக்கமாக ஆர்9, குழாயின் உட்சுவர் ஃப்ளூரோ எலாஸ்டமர் என்னும் ரப்பர். 100 பிஎஸ்ஐ தாங்கும், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் அசையாது. எஃகு வலை பின்னிய பிடிஎஃப்இ (டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்) குழாய் இதைவிட நெடுநாள் உழைக்கும், பெட்ரோல் வாடையும் கசியாது. எனினும் அதற்குத் தனி ஃபிட்டிங்குகள் வேண்டும், இறுக்கமாக வளைத்தால் மடிந்துபோகும், வலை உரசும் இடத்தையெல்லாம் அறுக்கும். பந்தயத்துக்கு ஓட்டாதவருக்கு ஆர்9 போதும் என்பதே என் முடிவு. டேங்கிலிருந்து முன்னே வரும் உலோகக் குழாய் துருவேறியிருந்தால், ரப்பரால் ஒட்டுப்போடாமல் முழு நீளத்தையும் மாற்றுவதே சரி.

கசிவைத் தேட, ஓடும் இன்ஜின் மேல் எரியக்கூடிய கிளீனர் திரவத்தைத் தெளித்துப் பார்ப்பது பழைய வழக்கம். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அது தீயை அழைப்பதற்குச் சமம். புகை விட்டுப் பார்ப்பது பாதுகாப்பானது, ஒரே முறையில் எல்லாக் கசிவும் தெரியும். கையால் இயக்கும் வேக்யூம் பம்பு ஒவ்வொரு டயஃப்ராமையும் (உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு) தனித்தனியே சோதிக்க உதவும். ரெகுலேட்டரின் வேக்யூம் குழாயைக் கழற்றி முகர்ந்து பாருங்கள்: பெட்ரோல் ஈரம் இருந்தால் பழுது குழாயில் இல்லை, ரெகுலேட்டரின் டயஃப்ராம் கிழிந்திருக்கிறது.

பெட்ரோல் குழாயைக் கழற்றுமுன் பம்பின் ரிலேயை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். துளையிட்ட பட்டை கொண்ட திருகு கிளாம்ப் ரப்பரைக் கடித்துவிடும் என்பதால், உட்புறம் வழவழப்பான இன்ஜெக்ஷன் கிளாம்பையே போட வேண்டும். பூட்டி முடித்ததும், இன்ஜினை இயக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் உலர்ந்த விரலைத் தடவிப் பாருங்கள்.