பழைய ஆர்பிஜி ரீமேக்குகள்: என் வரிசை

பழைய ஆர்பிஜி-க்கு (ஒரு கதாபாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் வீடியோ கேம்) பாலிஷ் போட்டு ரீமேக் என்று விற்பது இப்போது பெரிய வியாபாரம், ஆனால் எனக்கு யோசிக்காமல் முதல் இடம் டிராகன் குவெஸ்ட் 3 தான். 1988-ல் வந்த ஆட்டம், 2024 நவம்பரில் எச்டி-2டி-யாகத் திரும்பி வந்தது. அதாவது, ஆட்கள் அதே பிக்சல் பொம்மைகள், சுற்றியிருக்கும் ஊர் மட்டும் முப்பரிமாணம். தண்ணீரில் வெளிச்சம் மினுங்குவது வரைக்கும் தெரியும். சண்டை மாறவில்லை, முறை வைத்துத்தான் அடிக்கணும், வேகத்தை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். ஆடியதைத் தானாகவே சேமித்துவைக்கும் ஆட்டோசேவ் வேறு இருக்கிறது, ஐப்பசி மழையில் சொல்லாமல் கரண்ட் போகிற கடலூர்க்காரனுக்கு வேறென்ன வேணும்!

அடுத்து பெர்சோனா 3 ரீலோட். 2006-ல் பிளேஸ்டேஷன் 2-வில் வந்த பழைய ஆட்டத்தில் கூட்டாளிகள் தங்கள் இஷ்டத்துக்குச் சண்டை போட, நாம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கணும். இப்போது எல்லாரையும் நாமே இயக்கலாம்.

ஃபைனல் ஃபேண்டசி 7 ரீமேக்? பார்க்க அள்ளுது, இசையும் அப்படித்தான். ஆனால் 1997 ஆட்டத்தின் தொடக்கமான மிட்கார் நகரத்தை மட்டும் இழுத்து ஒரு முழு ஆட்டமாக்கிவிட்டு, மிச்சக் கதைக்கு 2024-ல் ரீபர்த், அப்புறம் மூன்றாம் பாகம் என்று தனித்தனியாகக் காசு கேட்பது எனக்கு ஒத்துவரவில்லை. பாண்டிச்சேரி பக்கம் பழைய டிஸ்க் மலிவாகச் சிக்கினால் வாங்குங்க, முழு விலைக்கு வேண்டாம்.