இரும்புக்காரரா, பேஸ்புக்கா, சும்மா கொடுப்பதா?

மட்டக்களப்பில் வீட்டுப் பழசைக் கழிப்பதென்றால் மாரிக்கு முன்னம் கழிக்க வேண்டும். மழை தொடங்கிவிட்டால் வளவுக்குள் கிடக்கிற ரயரும் உடைந்த வாளியும் நுளம்புக்குத்தான் உதவும். தண்ணீர் பட்ட முட்டை பறக்கிற நுளம்பாக ஒன்றரைக் கிழமை போதும். 2017இல் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்ததே! ஆகவே இங்கே விலையை விட வேகம் முக்கியம்.

வேகத்தில், பழைய உலோகச் சாமான் வாங்குகிற இரும்புக்காரரை யாரும் வெல்ல முடியாது. கூப்பிட்ட உடனே தராசைக் கொழுவி நிறுத்து, காசையும் கையில் தந்துவிடுவார். செம்புக்குத்தான் கூடின விலை, பிறகு பித்தளை, அலுமினியம், கடைசியில் இரும்பு. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கொடுத்தால் இரும்பு விலைதான் கிடைக்கும். முதலே பிரித்து வையுங்கள். ஒன்று, அம்மம்மாவின் குத்துவிளக்கும் அவருக்கு வெறும் பித்தளைதான். வேலைப்பாட்டுக்கு ஒரு சதமும் தரமாட்டார். அதை உள்ளே எடுத்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.

பேஸ்புக்கில் போட்டால் காசு கூடக் கிடைக்கும், ஆனால் பொறுமை வேண்டும். "இருக்கா? கடைசி விலை என்ன?" என்று கேட்கிற பலர் அதோடு காணாமல் போய்விடுவார்கள். முதிரைக் கட்டில், தேக்கு அலுமாரி, ஓடுகிற தையல் மெசின் என்றால் அந்த அலைச்சல் தகும். கால் வளைந்த பிளாஸ்டிக் கதிரைக்குத் தகாது. மோட்டார் சைக்கிள் பெட்டரியை இரண்டு பேரிடமும் கொண்டுபோகத் தேவையில்லை. புதுசு வாங்குகிற கடையிலேயே பழசுக்குக் கழித்துக்கொள்வார்கள்.

உடுப்பு, சட்டிபானை, பள்ளிக்கூடப் பை என்றால் என் வாக்கு சும்மா கொடுப்பதற்குத்தான். ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக்கு வந்து குவிந்த உடுப்புகளில் குளிர்தேசத்துக் கம்பளியும் இருந்தது. இந்த வெயிலில் அதை யார் போடுவது? சிப் போன பையைக் கொடுப்பதும் அந்த மாதிரித்தான், நம் குப்பை அடுத்த வீட்டுக்கு இடம் மாறுகிறது.

வளவில் கொளுத்துவதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. பிளாஸ்டிக் புகை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகும்.

கடைசியில் மிஞ்சுவது பழைய பெட்டி டீவி. அதை வாங்க ஆளில்லை. இரும்புக்காரருக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கிற செம்புக் கம்பியை உருவிவிட்டு, ஈயம் கலந்த கண்ணாடிக் குழாயை ஏதாவது வெறும் வளவில் எறியவும் கூடும். அதற்கு மட்டும் மாநகர சபையில், பிரதேச சபைப் பக்கம் என்றால் அங்கே, மின்சாமான் கழிவு எடுக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு வெளியே தூக்குங்கள்.